புகைக்கூண்டு தெரியும் ஊரிலிருந்து அணுமின்சாரத்துக்கு ஒரு ஓட்டு

மலேசியாவில் கிள்ளானை அடுத்த காப்பார் பக்கம், வீடுகள் மறைக்காத இடமாகப் பார்த்து நின்று கடற்கரைத் திசையில் திரும்பினால் அனல்மின் நிலையத்தின் புகைக்கூண்டுகள் கண்ணில் படும். 1980களில் எழும்பிய நிலையம். நிலக்கரி, எரிவாயு எல்லாம் சேர்த்து 2,400 மெகாவாட் சொச்சம். சுற்றிலும் முதலில் ரப்பர், அப்புறம் செம்பனை, இப்போது தாமான் என்கிற குடியிருப்புகளும் தொழிற்பேட்டைகளும். வெளியூர்ச் சொந்தங்களிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால், "கரண்டு ஸ்டேஷன் இருக்கே, அந்தக் காப்பாரா?" என்பார்கள். நாட்டுக்கே வெளிச்சம் கொடுக்கும் ஊர் என்றும் எடுத்துக்கொள்ளலாம், கரி எரிக்கும் ஊர் என்றும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் உண்மைதான்.

இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, அணுமின்சாரம் நமக்கு வேண்டும் என்று எழுதப் போகிறேன். 2025 ஜூலை 31 அன்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் 13-ஆவது மலேசியத் திட்டத்தை நாடாளுமன்றத்தில் வைத்தார். அதில் அணுசக்தி மறுபடி தலைகாட்டியது. 2031 வாக்கில் முதல் அணுமின்சாரம் என்று பேச்சு. மறுநாளே ஒட்டுக்கடையில் அதுதான் விவாதம். "அணுகுண்டு மாதிரி வெடிச்சா கிள்ளானே காலி" என்று ஒருவர் சொல்ல, தே தாரிக் ஆறும்வரை எல்லாரும் தலையாட்டினார்கள்.

முதலில் அதை முடித்துவிடுகிறேன். அணுமின் உலையில் போடும் யுரேனியத்தில், பிளவுபடக்கூடிய யுரேனியம்-235 பொதுவாக 3 முதல் 5 விழுக்காடுதான் இருக்கும். குண்டுக்கு 90 விழுக்காடு அளவுக்குச் செறிவூட்ட வேண்டும். உலையில் விபத்து நடக்கலாம், நடந்திருக்கிறது. ஆனால் அது அணுகுண்டாக வெடிக்காது. இயற்பியல் அதற்கு இடம் தராது.

நான் விஞ்ஞானி இல்லை. செம்பனை எண்ணெய் மில்லில் பாய்லர் பார்த்தவன். அரசாங்கச் சோதனை எழுதி, சான்றிதழ் வாங்கி, பணி ஓய்வு வரை நீராவியோடு காலம் தள்ளியவன். எண்ணெய் மில்லைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: நாங்கள் வெளியிலிருந்து எரிபொருள் வாங்குவது குறைவு. பழத்தைப் பிழிந்த சக்கையும், கொட்டையை உடைத்த ஓடும்தான் பாய்லருக்குத் தீனி. அந்த நெருப்பில் தண்ணீர் கொதித்து, நீராவி போய் டர்பைனைச் சுற்றும், மில்லுக்கு மின்சாரம் வரும். டர்பைனை விட்டு வெளியே வருகிற நீராவியில் பழக்குலைகளை வேக வைப்போம். பாய்லர்க்காரனின் உயிர் ஒரு கண்ணாடிக் குழாயில் இருக்கிறது. பாய்லருக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அது காட்டும். ஷிப்ட் ஏறியதும் முதல் வேலை, அந்தக் குழாயின் வால்வைத் திறந்து நீரை வெளியே விட்டு, மட்டம் மறுபடி சரியாக ஏறுகிறதா என்று பார்ப்பது. அடைத்துக்கொண்ட கண்ணாடி பொய் சொல்லும். தண்ணீர் இருப்பதாகக் காட்டும், உள்ளே குழாய்கள் காய்ந்துகொண்டிருக்கும்.

அணுமின் நிலையத்தின் வரைபடத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் வரவில்லை. நீராவி, டர்பைன், ஜெனரேட்டர், கண்டென்சர், பம்பு. எல்லாம் தெரிந்த முகங்கள். நெருப்பு இருக்கும் இடத்தில் மட்டும் வேறு சங்கதி. யுரேனியத்தின் கருவில் ஒரு நியூட்ரான் மோதும். கரு இரண்டாக உடைந்து வெப்பம் வரும், கூடவே இரண்டு மூன்று நியூட்ரான்கள் வெளியே வந்து அடுத்த கருக்களை உடைக்கும். அதிகப்படி நியூட்ரானை விழுங்கிவிடுகிற கட்டுப்பாட்டுத் தண்டுகளை இறக்கினால் வேகம் குறையும், முழுக்க இறக்கினால் நிற்கும். இதில் எதுவும் எரிவதில்லை. ஆகவே புகை இல்லை, சாம்பல் இல்லை, கரியமில வாயு இல்லை.

புகை என்றதும் ஞாபகம் வருகிறது. தோட்டத்து லயங்களில் இருந்த பெண்களுக்கு மில் புகைக்கூண்டு ஜென்மப் பகை. சக்கையை ஈரமாகப் போட்டாலோ காற்றைச் சரியாகக் கொடுக்காவிட்டாலோ கரும்புகை கிளம்பும். காற்று லயத்துப் பக்கம் திரும்பினால் கொடியில் காயும் வெள்ளைச் சட்டை மேல் கரித்தூள் பொட்டுப் பொட்டாக இறங்கும். பள்ளிக்கூடச் சட்டை என்றால் இன்னும் மோசம், தட்டினால் போகாது, தேய்த்தால் பரவும். என் அம்மா கரண்டியோடு வாசலுக்கு வந்து, மில் இருக்கும் திசையைப் பார்த்துத் திட்டுவார். திட்டு வாங்குகிற பாய்லர்க்காரர்களில் பெற்ற பிள்ளையும் ஒருத்தன் என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. நிர்வாகத்திடம் சொன்னால், "காற்று மாறும்" என்று பதில் வரும். காற்று மாறினால் அடுத்த லயத்துக்கு.

அந்தக் கரித்தூளாவது கண்ணுக்குத் தெரிந்தது. எரிப்பதில் வருகிற மோசமானது கண்ணுக்குத் தெரியாதது. நுரையீரலின் அடிவரை போகிற நுண்துகள், கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், வானத்தில் போய்த் தங்குகிற கரியமில வாயு. எங்கள் பகுதிக்காரர்களுக்குக் காற்றைப் பற்றித் தனிப்பாடம் ஒன்று கிடைத்திருக்கிறது. 2005 ஆகஸ்டில் சுமத்ராவின் காட்டுத்தீ, கரிநிலத் தீப் புகை இங்கே வந்து கவிந்தது. காற்று மாசுக் குறியீடு 500-ஐத் தாண்டி, போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அவசரகாலம் அறிவித்தார்கள். காப்பார் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. தீ எரிந்தது கடலுக்கு அந்தப்பக்கம், மூச்சு முட்டியது இந்தப்பக்கம். புகைக்குக் கடப்பிதழ் தேவையில்லை.

இனி கணக்கு. ஐ.நா.வின் காலநிலைக் குழு 2014-இல் ஒரு பட்டியல் கொடுத்தது. நிலையம் கட்டுவது, எரிபொருள் தோண்டுவது, கடைசியில் இடித்து எடுப்பது வரை எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை கிராம் கரியமில வாயு என்ற கணக்கு. நடுமதிப்பில் நிலக்கரிக்கு 820. எரிவாயுவுக்கு 490. பெரிய சூரியப் பண்ணைகளுக்கு 48. நீர்மின்சாரத்துக்கு 24. அணுவுக்கு 12. நிலத்துக் காற்றாலைக்கு 11. சுத்தமான மின்சாரம் என்று பேசுகிறவர்கள் காற்றாலைக்குப் பக்கத்து நாற்காலியில் அணுவையும் உட்கார வைத்துத்தான் ஆக வேண்டும்.

உயிர்க்கணக்கும் இருக்கிறது. 100 கோடி யூனிட் மின்சாரம் ஆக்குவதற்கு, விபத்தும் காற்று மாசும் சேர்த்து எத்தனை பேர் சாகிறார்கள் என்று ஆய்வாளர்கள் போட்ட கணக்கில் நிலக்கரிக்கு ஏறக்குறைய 25 பேர். அணுவுக்கு 0.03. செர்னோபிலையும் ஃபுகுஷிமாவையும் உள்ளே சேர்த்த பிறகு வருகிற எண் இது. விபத்து நடந்தால் தொலைக்காட்சியில் வரும். நிலக்கரி கொல்வது ஆஸ்பத்திரிக் கட்டில்களில், ஆஸ்துமா என்றும் மாரடைப்பு என்றும் வேறு பெயர்களில் எழுதப்படும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டே ஜெர்மனி 2023 ஏப்ரல் 15 அன்று தன் கடைசி மூன்று அணு உலைகளையும் மூடியது. அன்றைக்கு அதன் நிலக்கரி நிலையங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. எந்த வரிசையில் மூடுவது என்பதில் அவர்கள் தலைகீழாகப் போனார்கள் என்பது என் அபிப்பிராயம். பிரான்ஸ் 1974-இல் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அணுவைப் பிடித்துக்கொண்டது, பதினைந்து இருபது ஆண்டுகளில் தன் மின்சாரத்தில் பெரும்பகுதியை அதற்கு மாற்றிவிட்டது. பூமி சூடாவதைப் பற்றி அப்போது யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. செலவுக்காகச் செய்தது, சுத்தமும் கூட வந்தது.

எரிபொருள் விஷயத்துக்கு வருவோம், பாய்லர்க்காரனுக்குப் பிடித்த விஷயம். 1,000 மெகாவாட் நிலக்கரி நிலையம் ஒன்று ஆண்டுக்கு ஏறக்குறைய 30 லட்சம் டன் கரி தின்னும். அதே அளவு அணு உலைக்கு ஆண்டுக்கு 25 டன் அளவு எரிபொருள் போதும். விரல் நுனியளவு யுரேனியச் சில்லு ஒன்றில் ஒரு டன் நிலக்கரியின் சக்தி இருக்கிறது. ஒரு பக்கம் ஆண்டு முழுக்கக் கப்பல் கப்பலாகக் கரி வந்து இறங்க வேண்டும், இன்னொரு பக்கம் சில லோரிகளில் முடிந்துவிடும். ஒரு முறை எரிபொருள் போட்டால் ஒன்றரை ஆண்டு போல ஓடும்.

நமக்கு இது சாதாரண விஷயமில்லை. தீபகற்பத்து நிலக்கரி பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருகிறது. 2022 ஜனவரியில் இந்தோனேசியா, தன் நாட்டுக்கே கரி பற்றவில்லை என்று ஏற்றுமதியைத் திடீரென நிறுத்தியது. சில வாரங்களில் தளர்த்திவிட்டார்கள், சரி. அடுத்த முறை எப்படியோ. அணு உலைக்கு இரண்டு மூன்று ஆண்டுக்கான எரிபொருளை முன்கூட்டியே வாங்கி ஒரு கட்டடத்துக்குள் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு காலத்தில் சொந்தக் கரியும் இருந்தது. இங்கிருந்து அதிக தூரமில்லாத பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை சுரங்கம் ஓடியது. மலாயா ரயில் வண்டிகள் அந்தக் கரியில்தான் ஓடின. சீனர்களும் நம் ஆட்களும் மண்ணுக்கு அடியில் வேலை செய்தார்கள். 1937-இல் அங்கே நடந்த வேலைநிறுத்தம் காலனி அரசாங்கத்தையே கலங்க வைத்தது. அதற்கும் பக்கத்தில், ரவாங்கில், 1894-இலேயே லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்காக மின் ஜெனரேட்டர் வைத்தார்கள். இந்நாட்டின் மின்சார வரலாறு அங்கிருந்துதான் எழுதப்படுகிறது. அதன் முதல் வரியிலேயே ஒரு தமிழன் பெயர் இருக்கிறது, ஆனால் தோட்டத்து லயங்களுக்குக் கரண்டு வர இன்னும் பல பத்தாண்டு ஆயிற்று. வந்தபோதும் மில் ஜெனரேட்டர் தயவில் சாயங்காலம் சில மணி நேரம், அப்புறம் மண்ணெண்ணெய் விளக்கு.

இப்போது நிலம். அணுமின்சாரத்தைப் பற்றி வருகிற தமிழ்க் கட்டுரைகளில் இதை யாரும் பேசிப் பார்த்ததில்லை. தோட்டத்து ஆளுக்கு முதலில் தோன்றுவது இதுதான்.

என் அக்கா மகன் சூரியத் தகடு பொருத்தும் வேலையில் இருக்கிறான். போன பொங்கலுக்கு வந்தபோது ஆரம்பித்தான்.

"மாமா, சூரியன் சும்மா கொடுக்கிறான். அதை விட்டுட்டு ஏன் இந்த ஆபத்தைப் பிடிச்சுத் தொங்குறீங்க?"

"சும்மா கொடுக்கிறவன் சாயங்காலம் ஆனா கடையைச் சாத்திடுறானேடா. மூணு மணிக்கு மழை கட்டினா அப்பவும் சாத்திடுறான்."

"அதுக்குத்தான் பேட்டரி வந்தாச்சு. விலையும் வருஷா வருஷம் இறங்குது. நீங்க இன்னும் சக்கை எரிச்ச காலத்திலேயே இருக்கீங்க மாமா."

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கூரைமேல் தகடு போடுவதை நான் எதிர்க்கவில்லை, என் வீட்டுக் கூரையிலும் அவன் போட்டதுதான் இருக்கிறது. பகல் வெயிலில் நாடு முழுக்க ஏசி ஓடும் நேரத்தில் சூரிய மின்சாரம் நல்ல கைகொடுப்பு. ஆனால் தீபகற்பத்தின் உச்சத் தேவை 2024-இல் 20,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஜொகூரில் கூலாய், செடெனாக் பக்கம் செம்பனை நின்ற மண்ணில் டேட்டா செண்டர்கள் எழும்புகின்றன. அவற்றுக்குப் பகலும் ஒன்றுதான், நடுராத்திரியும் ஒன்றுதான்.

அவனையே ஒரு காகிதத்தில் கணக்குப் போடச் சொன்னேன். 1,000 மெகாவாட் அணு உலை, பழுது பார்க்கும் நாள் போக, ஆண்டில் பத்தில் ஒன்பது பங்கு நேரம் முழு வீச்சில் ஓடும். அந்த மின்சாரத்தை நம் வானத்தின் கீழ் சூரியப் பண்ணையில் எடுக்க 5,000 மெகாவாட்டுக்கு மேல் தகடு வேண்டும். ஒரு மெகாவாட்டுக்கு நாலு ஏக்கர் என்றால் 20,000 ஏக்கர். அணுமின் நிலையத்துக்குச் சில நூறு ஏக்கர். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "கூரையெல்லாம் இருக்கே மாமா" என்றான். இருக்கிறதுதான். ஆனால் கம்பெனிகள் கூரை கூரையாக ஏறி இறங்குவதைவிடத் தோட்ட நிலத்தை மொத்தமாகக் குத்தகைக்கு எடுப்பதைத்தான் விரும்புகின்றன. செம்பனையை வெட்டிவிட்டுத் தகடு நட்ட இடங்கள் நாட்டில் ஏற்கெனவே பல இருக்கின்றன.

நாங்கள் இருந்த தோட்டம் கைமாறிய விதத்தை இங்கே முழுதாக எழுதினால் பதிவு வேறு திசைக்குப் போய்விடும். சுருக்கமாக: நோட்டீஸ் வந்தது, லயத்துக்குத் தண்ணீர் நின்றது, கோயிலை எங்கே கொண்டுபோவது என்று கூட்டம் போட்டார்கள், கடைசியில் பலருக்கு மலிவு விலை அடுக்குமாடியில் நாலாவது மாடி கிடைத்தது. வாங்கிய நிறுவனத்தின் விளம்பரப் பலகையில் மட்டும் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அனுபவம் உள்ளவர்களுக்கு, நிலம் அதிகம் கேட்காத மின்சாரம் என்பது வெறும் புள்ளிவிவரம் இல்லை.

சரவாக்கில் பாக்குன் அணையைப் பாருங்கள். 2,400 மெகாவாட், கிட்டத்தட்ட எங்கள் காப்பார் நிலையத்தின் அளவேதான். அதன் நீர்த்தேக்கம் ஏறக்குறைய 700 சதுர கிலோமீட்டர், சிங்கப்பூர் அளவு. ஏறக்குறைய 10,000 பூர்வகுடி மக்களை ஆற்றங்கரையிலிருந்து எழுப்பி சுங்கை ஆசாப்புக்கு மாற்றினார்கள். நீர்மின்சாரமும் சுத்தமான மின்சாரம்தான். யாருடைய வீடு மூழ்கியது என்று அந்தப் பட்டியலில் ஒரு பத்தி இருப்பதில்லை.

சரி, பயத்துக்கு வருவோம். அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. மலேசியர்களின் கதிரியக்கப் பயத்துக்கு செர்னோபிலைவிட பேராக்கில் இருக்கும் புக்கிட் மேரா பெரிய காரணம். ஈப்போவுக்குப் பக்கத்து ஊர். ஈயம் அலசிய பின் மிஞ்சும் அமாங் மண்ணில் மோனசைட் என்ற கனிமம் இருக்கும். அதிலிருந்து அரிய உலோகங்களைப் பிரிக்கும் ஏசியன் ரேர் எர்த் ஆலை 1982-இல் அங்கே ஓட ஆரம்பித்தது. மிட்சுபிஷி கெமிக்கலுக்குப் பங்கிருந்த நிறுவனம். பிரித்த பின் மிஞ்சுவது தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவு. அது ஒழுங்காகப் பாதுகாக்கப்படவில்லை என்று ஊர் மக்கள் எழுந்தார்கள். பிள்ளைகளுக்கு ரத்தப் புற்றுநோய், குறைப்பிரசவம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. வழக்குப் போட்டார்கள். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993-இல் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. ஆனாலும் 1994-இல் ஆலை மூடப்பட்டது. சுத்தம் செய்ய ஏறக்குறைய 10 கோடி அமெரிக்க டாலர் ஆனதாகச் சொல்கிறார்கள்.

இதில் ஒரு தேதியைக் கவனியுங்கள். ஆலை 1982. நாட்டின் அணுசக்தி உரிமச் சட்டம் 1984. முதலில் கழிவு, அப்புறம் சட்டம். புக்கிட் மேராவில் இருந்தது அணு உலை இல்லை, அங்கே மின்சாரம் எடுக்கவில்லை. ஆனாலும் அந்த ஊர்க்காரர் ஒருவர் 'அணு' என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அவருக்கு இயற்பியல் பாடம் எடுக்க எனக்கு வாய் வராது. அவர் நம்பாதது அரசாங்கத்தையும் கம்பெனியையும்.

அதே 1982-இல், ஜூன் 28 அன்று, பாங்கியில் நாட்டின் ஒரே அணு உலை இயங்கத் தொடங்கியது. ஒரு மெகாவாட் வெப்பம் தரும் சின்ன ஆராய்ச்சி உலை. நாற்பது ஆண்டுக்கு மேலாக, பல்கலைக்கழகங்களும் குடியிருப்புகளும் சூழ்ந்த ஊரில் அமைதியாக இருந்துவருகிறது. அந்தப் பக்கம் வீடு வாங்குகிறவர்கள் டோல் சாவடிக் கட்டணத்தைப் பற்றித்தான் புலம்புகிறார்கள். பாங்கியின் அணுசக்தி நிறுவனத்தில் கோபால்ட் கதிரைக் கொண்டு மருத்துவப் பொருள்களைக் கிருமி நீக்கம் செய்யும் கூடம் இருக்கிறது. ரப்பர் பாலைக் கந்தகம் இல்லாமல் கதிர்வீச்சால் பதப்படுத்தவும் அங்கே வழி கண்டார்கள். நம் பாட்டிமார் விடியற்காலை வாளி தூக்கிச் சேர்த்த பால், அணு விஞ்ஞானத்தை எப்போதோ தொட்டுவிட்டது.

ஃபுகுஷிமாவை நான் பாய்லர்க்காரன் கண்ணால்தான் பார்த்தேன். மில்லில் தீயை இழுத்துவிட்டாலும் உள்ளே செங்கல் சூடு இருக்கும், தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும். பம்பை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. அணு உலையில் அந்த மிச்சச் சூடு இன்னும் பெரிது, அது பிளவில் உண்டான கதிரியக்கப் பொருள்களிலிருந்து வருகிறது. நிறுத்திய கணத்தில் முழு வெப்பத்தில் 6, 7 விழுக்காடு. ஒரு நாள் கழித்தும் அரை விழுக்காடு போல. 1,000 மெகாவாட் மின்சாரம் தரும் உலை 3,000 மெகாவாட் வெப்பம் ஆக்கும். அதில் அரை விழுக்காடு என்றால் 15 மெகாவாட், அதாவது ஒரு எண்ணெய் மில் பாய்லர் முழு வீச்சில் ஓடுவதற்குச் சமம். அதைக் குளிர்விக்கத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்க வேண்டும். 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம் வந்ததும் உலைகள் தாமாகவே நின்றன. அதன்பின் வந்த சுனாமி, அவசர ஜெனரேட்டர்கள் இருந்த அடித்தளத்துக்குள் புகுந்தது. பம்புகள் நின்றன, உலைகள் உருகின. ஜெனரேட்டரை மேட்டில் வைத்திருந்தால் கதையே வேறு. கதிர்வீச்சால் இறந்ததாக ஜப்பான் அரசு ஏற்றுக்கொண்டது ஒருவரை. அவசர அவசரமாக ஊரைக் காலி செய்ததில், முதியோர் இல்லங்களிலும் தற்காலிக முகாம்களிலும் போன உயிர்கள் 2,000-க்கும் மேல்.

செர்னோபில் வேறு ரகம். 1986 ஏப்ரலில் வெடித்த அந்த உலையைச் சுற்றி உறுதியான காப்புக் கூடு கிடையாது. வடிவமைப்பிலும் கோளாறு, அன்று இரவு நடத்திய சோதனையிலும் கோளாறு. உடனடியாக முப்பது பேர் அளவில் இறந்தார்கள். பிற்காலப் புற்றுநோய்ச் சாவு 4,000 வரை போகலாம் என்று 2005-இல் ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்டன. இதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

நமக்கு நெருக்கமான கடற்கரை ஒன்றும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி, தமிழ்நாட்டில் அணுமின் நிலையம் இருக்கும் கல்பாக்கத்தையும் அடித்தது. கடல்நீர்ப் பம்பு அறைக்குள் தண்ணீர் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். பக்கத்துக் குடியிருப்பில் அலை உயிர்களைக் கொண்டுபோனது, உலை யாரையும் தொடவில்லை. கூடங்குளத்தில் 2011, 2012-இல் இடிந்தகரை மக்கள் கடலில் இறங்கி நின்று போராடியதை இங்கே நாங்களும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்த உலைகள் இன்றைக்குத் தலா 1,000 மெகாவாட் கொடுக்கின்றன. மின்சாரம் வந்ததில் எனக்குச் சந்தோஷம். மீனவர்களை உட்கார வைத்து அவர்கள் பாஷையில் முன்கூட்டியே பேசாமல், கடைசியில் போலீஸை அனுப்பியது இன்னும் உறுத்துகிறது.

கழிவு? எனக்கு இதில்தான் அணுவின் மேல் மதிப்பு கூடுகிறது என்றால் சிலர் சிரிப்பார்கள். ஒரு பெரிய உலை ஆண்டுக்கு 25, 30 டன் பயன்படுத்திய எரிபொருளை வெளியே தள்ளும். ஆபத்தானது, பல்லாயிரம் ஆண்டு பத்திரப்படுத்த வேண்டியது. ஆனால் எடை போட்டு, எண் போட்டு, பெட்டிக்குள் வைத்துக் கணக்கு எழுதலாம். பின்லாந்தில் ஓன்கலோ என்ற இடத்தில் 400 மீட்டருக்கும் ஆழமான கருங்கல் பாறைக்குள் குடைந்து, செம்புக் குடுவைகளில் அடைத்து வைக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நிலக்கரியின் கழிவுக்கு இப்படி ஒரு முகவரி உண்டா? பெரும்பகுதி ஆகாயத்துக்குப் போகிறது, நாம் எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் மூச்சில் வாங்கிக்கொள்கிறோம்.

உண்மையான குறை பணத்திலும் காலத்திலும் இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வோக்டல் என்ற இடத்தில் கட்டிய இரண்டு உலைகள் 1,400 கோடி டாலரில் ஆரம்பித்து 3,000 கோடியைத் தாண்டின, ஏழு ஆண்டு தாமதம். பிரான்ஸின் ஃப்ளமான்வீலில் 2007-இல் தொடங்கிய உலை 2024 டிசம்பரில்தான் மின்கட்டமைப்போடு இணைந்தது. பிலிப்பீன்ஸ் இன்னும் பரிதாபம். மார்கோஸ் காலத்தில் பாத்தானில் 621 மெகாவாட் நிலையம் கட்டி முடித்தார்கள், செர்னோபில் நடந்தது, எரிபொருள் போடாமலே பூட்டினார்கள். கடனை மட்டும் 2007 வரை மக்கள் கட்டினார்கள். மறுபக்கம் ஐக்கிய அரபு அமீரகம். 2008-இல் கொள்கை, 2012-இல் கட்டுமானம், 2020-இல் முதல் மின்சாரம். கொரியர்கள் கட்டிக் கொடுத்த பராக்காவின் நான்கு உலைகள் இப்போது அந்த நாட்டு மின்சாரத்தில் கால் பங்கைத் தருகின்றன.

நாம் எந்தப் பக்கம் போவோம்? நஜிப் பிரதமராக இருந்த காலத்தில் 2021-இல் முதல் உலை என்றார்கள். 2011 ஜனவரியில் அதற்கு ஒரு கழகம் அமைத்தார்கள், இரண்டு மாதத்தில் ஃபுகுஷிமா. 2018-இல் பிரதமர் மகாதீர், கழிவுக்கு வழி தெரியாது, வேண்டாம் என்றார். 2019-இல் கழகத்தையே கலைத்தார்கள். இப்போது மறுபடியும். அமீரகம் போல நிற்காமல் ஓடினாலே பன்னிரண்டு ஆண்டு ஆகும் வேலை. 2031 என்பதை நான் நம்பவில்லை. நிலக்கரி நிலையங்களை 2044-க்குள் மூடுவது அரசாங்கத்தின் திட்டம். அந்த இடத்தை எது நிரப்பும் என்பதுதான் கேள்வி. இப்போதே ஆரம்பிக்காவிட்டால் எரிவாயுதான் நிரப்பும், யூனிட்டுக்கு 490 கிராமோடு.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அக்கா மகன் கடைசியாக ஒன்று கேட்டான். "சரி மாமா, நம்ம காப்பார்லயே கட்டினா?"

கரி நிலையம் இருந்த இடத்திலேயே உலை வைப்பது நல்ல யோசனைதான். மின்கம்பித் தடம் இருக்கும், குளிர்விக்கக் கடல்நீர் இருக்கும், நீராவி தெரிந்த ஆட்கள் இருப்பார்கள். அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தின் கெம்மரர் என்ற சின்ன ஊரில், நிலக்கரி நிலையத்துக்குப் பக்கத்திலேயே புது ரக உலைக்கு 2024-இல் வேலை தொடங்கிவிட்டார்கள். ஆனால் கிள்ளான் வட்டாரத்தில் மக்கள் நெருக்கம் அதிகம், அவசரத்தில் காலி செய்யச் சுற்றிலும் இடம் வேண்டும் என்பதால் இங்கே அனுமதி கிடைப்பது கஷ்டம். அப்படித்தான் சொன்னேன்.

"அப்போ ஆள் குறைவா இருக்கிற ஏதோ ஒரு கடற்கரை. ஏதோ ஒரு தோட்டம், இல்லாட்டி மீனவர் கம்போங். நீங்க ஆதரிக்கிறது சுலபம் மாமா."

பையன் பிடித்துவிட்டான். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, பாதி இருக்கிறது. தென்கொரியாவில் மின் நிலையங்களைச் சுற்றி வாழும் மக்களுக்கு உதவி செய்ய 1989-இலிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. இங்கே அந்தச் சட்டம் உலைக்கு முன்னால் வர வேண்டும். வீடு போகிறவர்களுக்குத் தரையோடு வீடு, அந்த ஊருக்கு மின்கட்டணத்தில் தள்ளுபடி, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு உலையில் பயிற்சியும் வேலையும், கதிர்வீச்சு அளவைக் காட்டும் பலகை ஊர்ச் சந்தையில் மலாய், சீனம், தமிழ் மூன்றிலும். இதை எழுத்தில் கொண்டுவந்தால் எந்த ஊர்க் கூட்டத்துக்கும் நானே வந்து பேசுகிறேன், போக்குவரத்துச் செலவுகூட வேண்டாம் என்றேன். அவன் தன் கைப்பேசியில் அதைப் பதிவு செய்துகொண்டான்.